சின்னப் பள்ளிகளும் கான்ஃபரன்ஸும்: அமெரிக்க கிராமத்துப் பள்ளி விளையாட்டு எப்படி நடக்கிறது?

நான் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவுக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். கூட வேலை பார்க்கிறவர் ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே லேப்டாப்பை மூடிவிட்டு, எங்கள் ஊரில் இன்றைக்குக் கான்ஃபரன்ஸ் கேம், கிளம்பணும் என்றார். கான்ஃபரன்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது கூட்டம், மாநாடு. அதில் கேம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சொன்னால் புரியாது, வந்து பார் என்று காரில் ஏற்றிக்கொண்டார். மிசௌரி ஆற்றைத் தாண்டி ஐயோவா மாநிலத்துக்குள் ஒரு மணி நேரம், அறுவடை முடிந்து பனி மூடிக் கிடக்கும் சோள வயல்களுக்கு நடுவே இருட்டில் போனோம். தெருவில் ஒரு ஆள் இல்லை, கடைகள் எல்லாம் மூடியிருந்தன, ஆனால் பள்ளிக்கூடத்து வாசலில் மட்டும் வண்டி நிறுத்த இடமில்லை. ஊரே உள்ளே இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இந்த ஆர்வம். அதற்கப்புறம் பல ஆட்டங்கள் பார்த்து, விளையாடத் தெரிந்தவர்களை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, அமெரிக்கப் பள்ளி விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. இங்கே ஹைஸ்கூல் என்றால் 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். கான்ஃபரன்ஸ் என்பது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற, அளவிலும் ஏறக்குறைய ஒத்துப்போகிற எட்டுப் பத்துப் பள்ளிகள், நாம் வருஷா வருஷம் நமக்குள் விளையாடிக்கொள்வோம் என்று செய்துகொள்ளும் ஏற்பாடு. அரசாங்கம் பிரித்துக் கொடுத்தது இல்லை, பள்ளிகளே பேசி முடிவு செய்தது. அதில் சேர்ந்தால் கூடைப்பந்து, கைப்பந்து, தடகளம், பேஸ்பால் என்று எல்லா ஆட்டத்துக்கும் எதிரணிகள் தயார். சீசன் முடிவில் அந்தப் பத்துக்குள் யார் முதல் என்று ஒரு பட்டம் உண்டு. மாநில அளவிலான பட்டம் தனிக்கதை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது, அதனால் ஒரு நிஜமான கான்ஃபரன்ஸை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஐயோவாவில் ரோலிங் வேலி கான்ஃபரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, மாநிலத்திலேயே ஆகச் சிறிய பள்ளிகளின் கூட்டணிகளில் ஒன்று. உறுப்பினர் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நான் சொல்லப்போகும் பெயர்கள் அதில் இருந்து விளையாடிய பள்ளிகள். உட்பைன், பாயர் வேலி, வெஸ்ட் ஹாரிசன், ஆர்-வீ-வா, கிளிடன்-ரால்ஸ்டன், கூன் ராபிட்ஸ்-பேயார்ட், பேட்டன்-சர்டன், எக்ஸைரா-எல்க் ஹார்ன்-கிம்பல்டன், அப்புறம் கேம்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கேம் என்பது விளையாட்டைக் குறிக்கும் கேம் இல்லை. கம்பர்லாண்ட், அனிட்டா, மசேனா என்ற மூன்று ஊர்களின் முதல் எழுத்துகள். ஆர்-வீ-வா என்பது ஆர்கேடியா, வெஸ்ட்சைட், வேல் என்ற மூன்று ஊர்ப் பெயர்களின் முதல் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகள். எக்ஸைரா-எல்க் ஹார்ன்-கிம்பல்டனில் மூன்று ஊர்ப் பெயரும் வெட்டப்படாமல் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்குறியும், ஒரு காலத்தில் இங்கே தனித்தனியாகப் பள்ளிக்கூடங்கள் இருந்தன, ஒருவரை ஒருவர் எதிர்த்து விளையாடின என்பதற்கு அடையாளம். பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளிகள் சேர்ந்தன, பெயரையாவது விட்டுவிடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் நின்றிருக்கிறார்கள். எனக்கு இதில் அவர்கள் மேல் பெரிய மரியாதை.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? இந்தப் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. கூன் ராபிட்ஸ் என்ற அந்தச் சின்ன ஊருக்கு 1959 செப்டம்பரில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் நேரில் வந்தார். ராஸ்வெல் கார்ஸ்ட் என்ற விவசாயியின் பண்ணையில் வீரிய ஒட்டுச் சோளமும் இயந்திர விவசாயமும் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பதற்காக. குருஷ்சேவை வியக்க வைத்த அதே விஷயம்தான், குறைந்த ஆட்களை வைத்து நிறைய நிலத்தை உழ முடிகிற அந்தத் திறமைதான், அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த ஊர்களைக் காலி செய்தது. பல குடும்பங்கள் பார்த்த நிலத்தை ஒரே குடும்பம் பார்க்க ஆரம்பித்தது. 1980-களில் வந்த விவசாயக் கடன் நெருக்கடி இன்னும் பல குடும்பங்களை வெளியே தள்ளியது. நிலம் விளைகிறது, விளைச்சல் கூடியும் இருக்கிறது, பள்ளி பெஞ்சில் உட்கார ஆள் இல்லை.

ஆக, வகுப்புக்குப் பத்துப் பதினைந்து பேர் இருக்கிற ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹைஸ்கூல் முழுக்க அறுபது பிள்ளைகள், அதில் முப்பது பேர் பெண்கள். கைப்பந்துக்குக் களத்தில் ஆறு பேர், மாற்று ஆட்கள் நாலைந்து பேர், அப்புறம் வார்சிட்டி எனப்படும் முதல் அணிக்குக் கீழே ஜே.வி. எனப்படும் இளைய அணி. அதாவது ஏறக்குறைய பாதிப் பெண்கள் சீருடையில் நிற்க வேண்டும். செப்டம்பரில் கைப்பந்து ஆடிய அதே பெண் டிசம்பரில் கூடைப்பந்து ஆடுவாள், ஏப்ரலில் 400 மீட்டர் ஓடுவாள், ஜூனில் பேஸ்பால் மாதிரியே பெண்கள் ஆடுகிற சாஃப்ட்பால் ஆடுவாள். இடையில் பள்ளி நாடகத்திலும் அவள்தான், பேண்டில் கிளாரினெட் வாசிப்பதும் அவள்தான். சின்னப் பள்ளிகளில் அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் சில பையன்கள் தோள்கவசத்தோடும் அழுக்குச் சீருடையோடும் பேண்டு வரிசையில் வந்து நின்று டிரம்ஸ் வாசித்துவிட்டு மறுபடியும் ஆடப் போவார்கள்.

ஐயோவாவில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் பள்ளி விடுமுறையில், கோடையில் நடக்கின்றன. மற்ற மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அவை வசந்த காலத்தில் நடக்கும். இங்கே ஜூலையில்தான் மாநில இறுதிப் போட்டி. பெண்கள் சாஃப்ட்பாலுக்கு ஃபோர்ட் டாட்ஜ் என்ற ஊரில். வருஷம் பன்னிரண்டு மாதமும் ஏதோ ஒரு சீசன் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம், கான்ஃபரன்ஸின் பிரயோஜனம் இங்கேதான் தெரியும். ஒரு கூடைப்பந்து சீசனுக்கு இருபது சொச்சம் ஆட்டங்கள். கான்ஃபரன்ஸ் இல்லாத பள்ளி என்றால் விளையாட்டுப் பொறுப்பாளர் இருபது பள்ளிகளுக்குப் போன் போட்டு, எந்தத் தேதி, எந்த ஊர், நடுவர் யார், அவருக்குக் கூலி யார் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். அதே வேலை கைப்பந்துக்கு, பேஸ்பாலுக்கு, சாஃப்ட்பாலுக்கு. சின்னப் பள்ளியில் அந்தப் பொறுப்பாளர் முழுநேர ஆள் கிடையாது, பெரும்பாலும் வரலாறோ உடற்கல்வியோ சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்தான், சில இடங்களில் தலைமையாசிரியரே. கான்ஃபரன்ஸில் பத்துப் பள்ளி இருந்தால், மற்ற ஒன்பது பேரோடும் அவர்கள் ஊரில் ஒன்று, நம் ஊரில் ஒன்று என்று ஆடினாலே பதினெட்டு ஆட்டம் நிரம்பிவிட்டது. மிச்சம் மூன்றோ நாலோதான் வெளியே தேட வேண்டும்.

சாதாரணமாகச் செவ்வாய், வெள்ளி இரவுகள் கான்ஃபரன்ஸுக்கு என்று ஒதுக்கியிருக்கும். ஒரே இரவில் பெண்கள் ஆட்டமும் பையன்கள் ஆட்டமும் அடுத்தடுத்து நடக்கும். ஒரே பஸ்ஸில் இரண்டு அணியும் போய்விடலாம், டீசல் செலவு பாதி, அக்கா ஆட்டத்தையும் தம்பி ஆட்டத்தையும் பெற்றோர் ஒரே இரவில் பார்த்துவிடலாம். இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பள்ளியின் பட்ஜெட்டைப் பார்க்கிறவருக்கும், காலையில் எழுந்து மாட்டுக்குத் தீனி போடப் போகிறவருக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

தூரம் இன்னொரு சங்கதி. ரோலிங் வேலியில் பாதி ஊர்கள் 30-ஆம் எண் நெடுஞ்சாலையில், மணி கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன: உட்பைன், பாயர் வேலி பள்ளி இருக்கும் டன்லப், வேல், வெஸ்ட்சைட், ஆர்கேடியா, கிளிடன், ரால்ஸ்டன். இது பழைய லிங்கன் நெடுஞ்சாலை, அமெரிக்காவை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை இணைக்க 1913-இல் திட்டமிட்ட, அந்த வகையில் ஆரம்பகாலச் சாலைகளில் ஒன்று. உட்பைனில் அதன் ஒரு துண்டு இன்னும் செங்கல் பாவியபடியே இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் இறங்கி நடந்து பாருங்கள். ஆனால் மேற்கு ஓரத்தில் மிசௌரி ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் ஹாரிசனிலிருந்து கிழக்கு ஓரத்துப் பேட்டன்-சர்டனுக்குப் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆட்டம் முடிந்து, குளித்து, பஸ் ஏறி, வீடு வந்து சேர நள்ளிரவு. மறுநாள் தேர்வு இருந்தாலும் அதே கதைதான். வெஸ்ட் ஹாரிசன் பள்ளி இருக்கும் ஊரின் பெயர் மொண்டாமின், அது ஓஜிப்வே பழங்குடி மொழியில் சோளத்தைக் குறிக்கும் சொல். அந்தப் பக்கத்தில் வேறு எந்தப் பெயரும் பொருந்தாது.

பனி கொட்டினால்? ஜனவரியில் அது நிச்சயம் நடக்கும். மதியம் ஒரு மணிக்குள் விளையாட்டுப் பொறுப்பாளர்கள் பேசி ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். ஒரே கான்ஃபரன்ஸ் என்பதால் எல்லாருக்கும் ஒரே காலண்டர், மாற்றுத் தேதி கண்டுபிடிப்பது சுலபம். நடுவர்கள் கிடைப்பதுதான் கஷ்டம். நாடு முழுக்கப் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவர் பற்றாக்குறை இருக்கிறது, கிராமப்புறத்தில் இன்னும் மோசம், பெற்றோர்கள் கத்துகிற கத்தலில் இளைஞர்கள் இந்த வேலைக்கு வரவே யோசிக்கிறார்கள். என்னை முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப்போன நண்பரும் ஒரு காலத்தில் விசில் ஊதியவர்தான். நடுவரைத் திட்டாதீர்கள், அவர் வரவில்லை என்றால் ஆட்டமே இல்லை என்று அவர் சொன்னது எனக்கு இன்றுவரை ஞாபகத்தில் இருக்கிறது.

கான்ஃபரன்ஸை நடத்துவது யார் என்று கேட்டால், பெரிய அலுவலகமெல்லாம் கிடையாது. உறுப்பினர் பள்ளிகளின் நிர்வாகிகளும் விளையாட்டுப் பொறுப்பாளர்களும் வருஷத்தில் சில தடவை கூடிப் பேசுவார்கள், தலைமைப் பொறுப்பு முறைவைத்துச் சுற்றிவரும், டிக்கெட் விலை, ஆட்டம் தொடங்கும் நேரம், தடகளப் போட்டி இந்த வருஷம் எந்தப் பள்ளியில் என்பதையெல்லாம் அங்கே முடிவு செய்வார்கள். பல கான்ஃபரன்ஸ்களில் விளையாட்டோடு சேர்த்து இசைக்குழு, பாடல் குழு, ஓவியக் கண்காட்சி, வினாடி வினாவும் உண்டு. பள்ளிக்கு ஐந்து பேர் என்று சேர்த்து ஐம்பது பேர் கொண்ட பேண்டு ஒன்றை ஒருநாள் வாசிக்க வைப்பார்கள். தன் பள்ளியில் டிரம்பெட் வாசிக்கிற ஒரே பையனாக இருந்தவன் அன்றைக்குப் பத்து டிரம்பெட்டுகளுக்கு நடுவே உட்காருவான்.

சீசன் முடிந்ததும் ஆல்-கான்ஃபரன்ஸ் என்று ஒரு பட்டியல் வரும். பயிற்சியாளர்கள் கூடி, எல்லா அணிகளிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களை முதல் அணி, இரண்டாம் அணி, சிறப்புக் குறிப்பு என்று தேர்ந்தெடுப்பார்கள். ஐயோவாவுக்கு வெளியே யாருக்கும் இந்தப் பட்டியல் தெரியாது. ஆனால் அந்த ஊர்ப் பத்திரிகையில் அந்தப் பெயர் அச்சாகும், பாட்டி அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டுவார், முப்பது வருஷம் கழித்து அதே ஆள் உரக்கடையில் நிற்கும்போதும் அவர் ஆல்-கான்ஃபரன்ஸ் ஆட்டக்காரர்தான்.

சரி, இப்போது குழப்பமான இடம். புதிதாகப் பார்ப்பவர்கள் கான்ஃபரன்ஸையும் கிளாஸையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள், நானும் ரொம்ப நாள் குழம்பினேன். கான்ஃபரன்ஸ் என்பது யாரோடு வழக்கமாக விளையாடுகிறோம் என்பது. பள்ளிகள் தாங்களே தேர்ந்தெடுத்தது. கிளாஸ் என்பது மாநிலப் பட்டத்துக்கு யாரோடு மோதுகிறோம் என்பது. மாணவர் எண்ணிக்கையை வைத்து, மாநிலத்துப் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் மாநிலச் சங்கம் முடிவு செய்வது. ஐயோவாவில் கூடைப்பந்தில் பையன்களுக்கு 1ஏ முதல் 4ஏ வரை நான்கு கிளாஸ், பெண்களுக்கு 5ஏ வரை ஐந்து. 1ஏ-தான் ஆகச் சிறிய பள்ளிகள். ரோலிங் வேலி முழுக்கவே 1ஏ. வேறு கான்ஃபரன்ஸ்களில் 1ஏ-யும் 2ஏ-யும் கலந்திருக்கலாம், அப்போது வாராவாரம் எதிர்த்து ஆடுகிறவர்களே மாநிலப் போட்டியில் வேறு வேறு பக்கம் போய்விடுவார்கள்.

கான்ஃபரன்ஸில் கடைசி இடம் வந்தால் மாநிலப் போட்டிக்குப் போக முடியாதா? போகலாம். ஐயோவாவில் கூடைப்பந்துக்கு எல்லா அணிகளும் நாக்-அவுட் சுற்றில் நுழையும், ஒன்றுமே ஜெயிக்காத அணி உட்பட. அங்கிருந்து ஜெயித்து ஜெயித்துப் போனால் தலைநகர் டிமாயினில் மாநிலப் போட்டி. அதனால் கான்ஃபரன்ஸ் பட்டமும் மாநிலப் பட்டமும் தனித்தனி. ஒன்றில் தோற்றவர் மற்றொன்றில் ஜெயித்ததுண்டு.

ஃபுட்பால் மட்டும் விதிவிலக்கு. இங்கே ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கையில் பந்தோடு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஐயோவாவில் அதற்குக் கான்ஃபரன்ஸ் இல்லை. மாநிலச் சங்கமே பள்ளிகளை டிஸ்ட்ரிக்ட் என்ற குழுக்களாகப் பிரித்து, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி அமைக்கும். ரோலிங் வேலிப் பள்ளிகள் ஆடுவது எட்டுப் பேர் ஃபுட்பால். வழக்கமான பதினோரு பேர் ஆட்டத்துக்குக் களத்தில் பதினோரு பேர் மட்டும் போதாது, எதிரெதிரே நின்று பயிற்சி செய்யவே இருபத்திரண்டு பேர் வேண்டும். பள்ளியில் மொத்தப் பையன்களே முப்பது பேர் என்றால் எங்கே போவது? அதனால் ஆளையும் குறைத்து, மைதானத்தையும் 100 கெஜத்துக்குப் பதில் 80 கெஜமாகச் சுருக்கி, அகலத்தையும் 40 கெஜமாக்கி ஆடுகிறார்கள். இடம் அதிகம், தடுப்பவர் குறைவு, அதனால் ஓட்டம் அதிகம், இரண்டு பக்கமும் ஐம்பது அறுபது புள்ளி போவதெல்லாம் சகஜம். நான் பதினோரு பேர் ஆட்டத்தைவிட இதைத்தான் விரும்பிப் பார்க்கிறேன்.

இதற்கும் கீழே ஆறு பேர் ஆட்டம் இருக்கிறது. 1934-இல், பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் உருவாக்கியது, முதல் ஆட்டம் ஹீப்ரன் என்ற ஊரில் நடந்தது. பணமும் ஆளும் இல்லாத பள்ளிகளும் ஃபுட்பால் ஆட வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. விதிகளையும் அதற்கேற்ற மாதிரி வளைத்தார்கள்: நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜத்துக்குப் பதில் பதினைந்து கெஜம் முன்னேற வேண்டும், ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பந்தைப் பிடிக்கலாம், உதைத்துக் கோலடிப்பது சிரமம் என்பதால் அதற்கு மூன்றுக்குப் பதில் நான்கு புள்ளி, பாதி ஆட்டம் தாண்டியபின் ஒரு அணி 45 புள்ளி முன்னால் போய்விட்டால் அங்கேயே ஆட்டம் முடிவு. டெக்சாஸ், மொன்டானா, நெப்ராஸ்கா மாதிரியான மாநிலங்களில் இன்றும் ஆடுகிறார்கள்.

கிளாஸ் பிரிப்பதே தேவையில்லை, சின்னப் பள்ளியும் பெரிய பள்ளியோடு மோதட்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் எப்போதும் காட்டும் உதாரணம் இண்டியானா மாநிலத்து மைலன். 1954-இல் 161 மாணவர்களே இருந்த அந்தப் பள்ளி, பெரிய நகரத்துப் பள்ளியான மன்சி சென்ட்ரலை 32-30 என்று வென்று மாநிலப் பட்டம் வாங்கியது, கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் போட்ட ஒரே பந்தில். அந்த மாநிலத்தில் 1997 வரை எல்லாப் பள்ளிக்கும் ஒரே கூடைப்பந்துப் போட்டிதான். நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் 1954-க்கு அப்புறம் 1997 வரை அத்தனை சின்னப் பள்ளி ஒன்றுகூட அந்தப் பட்டத்தைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மைலனுக்காக நூற்றுக்கணக்கான பள்ளிகள் முதல் சுற்றிலேயே ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்று வீட்டுக்குப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்தது கோ-ஆப். இரண்டு பள்ளிகள் ஒரு விளையாட்டுக்கு மட்டும் சேர்ந்து ஒரே அணி வைப்பது. மல்யுத்தத்தில் உங்கள் பள்ளிக்கு மூன்று பையன்கள்தான் என்றால், பக்கத்துப் பள்ளியின் அணியில் அவர்கள் சேர்ந்துகொள்ளலாம், மாநிலச் சங்கத்தின் அனுமதியோடு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சேர்ந்தால் இரண்டு பள்ளி மாணவர் எண்ணிக்கையும் கூட்டிக் கணக்கிடப்படும், அதனால் மேல் கிளாஸுக்குத் தள்ளப்படலாம். ஆடாமலே விடுவதா, ஆடி வலுவான பள்ளிகளிடம் அடி வாங்குவதா என்று நிர்வாகிகள் உட்கார்ந்து யோசிப்பார்கள். இன்னொரு விசித்திரம், வெள்ளிக்கிழமை கூடைப்பந்தில் எதிரிகளாக மோதிய இரண்டு பையன்கள் சனிக்கிழமை ஒரே மல்யுத்த அணியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்குப் பள்ளிகளே இணையும்போது அந்தப் பழக்கம் பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

ஐயோவாவைப் பற்றிப் பேசிவிட்டுப் பெண்கள் கூடைப்பந்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்த மாநிலத்தில் மட்டும்தான் பெண்கள் பள்ளி விளையாட்டுக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. 1925-இல், பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை இனி நடத்த வேண்டாம் என்று பொதுச் சங்கம் தீர்மானித்தபோது, சின்ன ஊர்ப் பள்ளி நிர்வாகிகள் வெளியே வந்து சொந்தமாக ஆரம்பித்தது அது. நகரத்துப் பள்ளிகள் பெண்களுக்கு இது சரிவராது என்று கைவிட்டதை, பண்ணை வேலையில் பெண்களும் ஆண்களுக்குச் சமமாகப் பாடுபடுவதைத் தினமும் பார்த்த ஊர்கள் விடவில்லை. அந்தக் காலத்து ஆட்டத்தில் அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் பந்து போட, மூன்று பேர் தடுக்க, நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது, பந்தை இரண்டு தட்டுக்கு மேல் தட்டக்கூடாது. 1968 இறுதிப் போட்டியில் யூனியன்-விட்டன் என்ற குட்டிப் பள்ளி எவர்லியைக் கூடுதல் நேரத்தில் 113-107 என்று வென்றது. வென்ற பக்கம் டெனிஸ் லாங் 64 புள்ளி, தோற்ற பக்கம் ஜீனெட் ஓல்சன் 76. பெண்களுக்குப் பள்ளி, கல்லூரி விளையாட்டில் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற டைட்டில் நைன் சட்டம் வந்ததே 1972-இல்தான். ஆறு பேர் ஆட்டம் 1993-இல் முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஆடிய பாட்டிகளை இன்றும் கேலரியில் பார்க்கலாம், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், விடமாட்டார்கள்.

கான்ஃபரன்ஸ் நிரந்தரமில்லை. ஒரு பள்ளி பிள்ளைகள் கூடியோ குறைந்தோ அளவு மாறலாம், இணைந்து புதுப் பெயரில் வரலாம், தூரம் கட்டுப்படியாகவில்லை என்று பக்கத்துக் கான்ஃபரன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தில் ஒன்று போனால் மிச்சம் ஒன்பது பள்ளிக்கும் காலண்டரில் ஓட்டை விழும், எண்ணிக்கை ஒற்றைப்படை ஆனதால் ஒவ்வொரு ஆட்ட இரவிலும் யாராவது ஒருவர் சும்மா உட்கார வேண்டும். இன்னொன்று போனால் எட்டு. ஆறுக்கும் ஐந்துக்கும் வந்துவிட்டால், ஒரு முழு கான்ஃபரன்ஸே கலைந்து, உறுப்பினர்கள் நாலா பக்கமும் சேரிடம் தேடி அலைவார்கள். வேண்டாம் என்று மறுக்கப்படுகிற பள்ளியும் உண்டு: ரொம்ப வலுவாக இருந்தாலும் மற்றவர்கள் தயங்குவார்கள், ரொம்பத் தூரமாக இருந்தாலும் தயங்குவார்கள். அதனால் அளவும் தூரமும் ஒத்துப்போகிற பத்துப் பள்ளிகள் இருபது முப்பது வருஷம் சேர்ந்து நிற்பது சாமானிய விஷயமில்லை.

இண்டியானாபொலிஸில் இருக்கும், மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023-24 கல்வியாண்டில் நாடு முழுக்கப் பள்ளி விளையாட்டில் பங்கேற்றவர்கள் எண்ணிக்கை 80 லட்சத்தைத் தாண்டியது. ஒரு பிள்ளை இரண்டு விளையாட்டு ஆடினால் அதில் இரண்டாக எண்ணப்படும். நான் மேலே சொன்ன அந்தப் பெண் அந்தக் கணக்கில் நான்கு பேர்.

கடைசியாக, புள்ளிப்பட்டியலை எப்படிப் படிப்பது. ஒரு பள்ளிப் பெயருக்கு நேராக 11-7, 13-9 என்று இரண்டு சோடி எண்கள் இருந்தால், முதலாவது கான்ஃபரன்ஸுக்குள் ஜெயித்தது, தோற்றது. இரண்டாவது மொத்தக் கணக்கு. கான்ஃபரன்ஸ் பட்டத்துக்கு முதல் சோடி மட்டும்தான். ஊரிலிருந்து வந்து இந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள், எல்க் ஹார்ன் பக்கம் போகிறவர்கள் பகலிலேயே கிளம்பினால் 1848-இல் டென்மார்க்கில் கட்டி 1976-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்திய காற்றாலையையும் பார்த்துவிடலாம். டிக்கெட் வாசலில் கிடைக்கும். உள்ளே தின்பண்டக் கடையில் வாக்கிங் டாக்கோ கேளுங்கள், சிப்ஸ் பாக்கெட்டையே வெட்டி அதற்குள் கொத்துக்கறியும் சீஸும் போட்டு ஒரு ஸ்பூனோடு கொடுப்பார்கள். சைவம் என்றால் பாப்கார்ன் இருக்கிறது. அந்தக் கடையில் நிற்பவர்கள் பெற்றோர்கள், அந்தக் காசு அடுத்த வருஷச் சீருடைக்கு. பெண்கள் ஆட்டம் முதலில் தொடங்கும். அதற்கே போய்விடுங்கள், பையன்கள் ஆட்டத்துக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது.